சாட்சி மணல்

மழை விட்ட மறுநாள் காலை, மண்வள அதிகாரி நஸ்ரின் தன் கைத்திரையை நீட்டிக் காட்டியபோதுதான், ஆறு வருஷமாகத் தன் நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்ததற்கு ஒரு நிறம் உண்டு என்று தவமணிக்குத் தெரிந்தது. மஞ்சள்.

"மஞ்சளா தெரியறது எல்லாம் உங்க தோட்டத்து மண்ணு அக்கா. சிவப்பு, கீழ்த் தோட்டம். நேத்து மழைக்கு உங்க மஞ்சள் எங்க போயிருக்குன்னு பாருங்க."

மஞ்சள் விரல் விரலாகக் கீழே இறங்கியிருந்தது. எல்லைக் கல்லைத் தாண்டியதும் விரல்கள் ஒன்றாகச் சேர்ந்து, சிவப்புக்குள் புகுந்து, அகலமாகப் பரந்து படுத்திருந்தன.

கீழ்த் தோட்டம் பூங்கோதையுடையது. பூங்கோதையின் வீட்டில்தான் தவமணியின் புருஷன் வீரணன் இருந்தான்.

கடவுக்கல் மலைக் கிராமத்துக்கு அந்த மணல் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அரசாங்கம் அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. ஊர் அதைச் சாட்சி மணல் என்று சுருக்கிக்கொண்டது. ரவையைவிடப் பொடியான மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் அது தூவப்பட்ட தோட்டத்தின் எண் இருக்கும். மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், மண் நகர்ந்தால் தானும் நகரும். வரப்போரம் நட்டிருந்த இடுப்பளவு கம்பங்கள் எந்த மணி எங்கே போய்க் கிடக்கிறது என்று கண்டுபிடித்துத் திரையில் நிறமாகக் காட்டும். மலையெல்லாம் கரைந்து கீழே போய்க்கொண்டிருந்தது. தன் மண் எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்த்தால் மனுஷன் திருந்துவான் என்பது திட்டம் போட்டவர்களின் கணிப்பு.

"எப்படி இம்புட்டு போச்சு? பெருமழைகூட இல்லையே," என்றாள் தவமணி.

"பெருமழை வேணாம் அக்கா. ஒவ்வொரு துளியும் சின்னக் கல்லு விழுற மாதிரிதான். வெறும் மண்ணுல விழுந்தா மண்ணைத் தெறிக்கவச்சிரும். தெறிச்சது தண்ணியோட கிளம்பிரும். முதல்ல பாய் விரிச்ச மாதிரி மெல்லிசா ஓடும், கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் ஒண்ணுசேந்து விரல் தண்டி ஓடையாகும். நீங்க பாத்திய மேலிருந்து கீழா நேரா போட்டிருக்கீங்க. தண்ணிக்கு அது ரோடு. வேகம் கூடுச்சுன்னா அறுத்துக்கிட்டே போகும்."

"எந்த மண்ணு போகுது?"

"பொடி மண்ணுதான் முதல்ல போகும். எருவு, சத்து எல்லாம் அதுலதான் ஒட்டிக்கிட்டிருக்கும். கனத்த மணலும் கல்லும் இங்கயே தங்கிரும்."

"அப்ப கல்லு எனக்கு, சத்து அவளுக்கு."

நஸ்ரின் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். திண்டுக்கல்லிலிருந்து வந்தவள், ஊர்க்கதை எதுவும் தெரியாது. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்புங்கள், வரப்போரம் புல் வரிசை நடுங்கள், ஓடுகிற தண்ணீரை நடக்க வைத்தால் போதும், இரண்டு வருஷத்தில் பாதி மண் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே போனாள். தவமணியின் காதில் எதுவும் விழவில்லை. அவள் கண் எல்லைக் கல்லுக்குக் கீழே இருந்தது. பூங்கோதையின் கேரட் இலைகள் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக அடர்ந்து நின்றன.

வீரணன் போன விதத்தில் சண்டைகூட இல்லை. தனியாக இருந்த பூங்கோதையின் தோட்டத்துக்குக் குழாய் பதிக்கப் போனான். மூன்று நாள் வேலை என்றான். நான்காம் நாள் வந்து தன் கம்பளியையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டான். "கோவிச்சுக்காத தவம்," என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து மேலே நின்று களை எடுக்கும்போதெல்லாம் அவன் சிரிப்பு கீழேயிருந்து ஏறி வரும். தன்னோடு இருந்த பதினாலு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்ததாகத் தவமணிக்கு ஞாபகமில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் தான் கூடை கூடையாகச் சுமந்து போட்ட சாணி எருவும், கைநகம் தேயத் தேய நொறுக்கிய மண்ணும் ஒவ்வொரு மழைக்கும் தானாகவே எழுந்து அந்த வீட்டுக்குப் போகிறது என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஊரிலும் அந்த மணல் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. முன்பெல்லாம் மழை பெய்தால் டீக்கடையில் முகங்கள் மலரும். இப்போது மழை விட்டதும் ஆளுக்கொரு திரையை எடுத்துக் குனிந்துகொண்டார்கள். ஒரே பாத்தியில் பூண்டு போட்டுப் பங்கிட்ட அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தினார்கள். பெண் கொடுத்த வீட்டுத் தோட்டத்தில் தன் மண் கிடப்பதைச் சொல்லிக்காட்டிய சம்பந்தி ஒருவர் விருந்தில் பாதியில் எழுந்துபோனார். மலைப் பஞ்சாயத்து கடைசியில் ஒரு விதி போட்டது: மேல்தோட்டக்காரர் வேண்டுமானால் தன் எல்லையில் தடுப்புச் சுவர் கட்டிக்கொள்ளலாம், ஆனால் தண்ணீர் வெளியேற அடியில் துளை விட வேண்டும்.

முதல் சுவர் தவமணியுடையது.

நெஞ்சு உயரத்துக்கு, நாற்பது அடி நீளத்துக்குக் கட்டினாள். துளைக்குக் குழாய் வைத்த கொத்தனாரிடம், "சின்னதா வைய்யி," என்றாள். அடுத்த மழைக்கு மஞ்சள் கீழே இறங்கிவந்து சுவரில் முட்டி நின்றது. அன்று அவள் திரையைக் கையில் வைத்துக்கொண்டே சோறு தின்றாள்.

ஒரு மாதத்தில் கீழ்த் தோட்டத்தின் இலைகள் வெளுத்தன. மேலிருந்து வந்த தண்ணீர் பாதியாகிவிட, பூங்கோதை ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். தவமணி களைக்கொட்டை ஊன்றிக்கொண்டு நின்று அதைப் பார்த்தாள். பூங்கோதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது, குனிந்து இல்லாத களையைப் பிடுங்கினாள்.

ஆனாலும் திரையில் நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு மிச்சமிருந்தது. சுவர்த் துளைகள் வழியாகத் தண்ணீரோடு கசிந்த களிமண். நூல்தான். ஆனால் தவமணிக்கு அந்த நூலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு சுவரின் உட்பக்கம் பள்ளம் பறித்து, சிமெண்டில் நனைத்த சாக்கை ஒவ்வொரு குழாயிலும் திணித்துக் கம்பியால் குத்தி அடைத்து, மேலே மண்ணைத் தள்ளி மூடினாள்.

பயிற்சிக்காகக் கோவை போயிருந்த நஸ்ரின் ஒருநாள் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க மஞ்சள் சுவரத் தாண்டி ஒரு பொட்டுகூட வரல. துளையில தண்ணி போகுதா?"

"போகுது மேடம்."

"பாத்தீங்களா? தண்ணி தேங்குனா மண்ணு கனத்துரும். கனத்த மண்ணுக்குப் பிடிமானம் போயிரும். அது சுவரோட நிக்காது."

"நல்லாத்தான் போகுது," என்று சொல்லி வைத்துவிட்டாள். சுவரையொட்டி இருந்த அவளுடைய சொந்தக் கேரட் நான்கு பாத்தி வேரழுகிக் கிடந்தது. கீழே அதைவிட மோசம் என்பதால் அது அவளுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை.

புரட்டாசி கடைசியில், மழையில்லாத ஒரு வாரத்தில், திரையில் ஒரு விசித்திரம் தெரிந்தது. சுவருக்கு மேலே, அவள் தோட்டத்தின் தலைமாட்டில், சிவப்புப் புள்ளிகள்.

தவமணி திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இருந்தன. பூங்கோதையின் தோட்டத்து மணல். மழை மண்ணைக் கீழே கொண்டுபோகும், மேலே கொண்டுவராது. கால்தான் கொண்டுவரும். யாரோ கீழ்த் தோட்டத்து மண் ஒட்டிய காலோடு அவள் தோட்டத்துக்குள் வந்துபோகிறார்கள். பழைய பதிவைத் தள்ளிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும். அவள் சந்தைக்குப் போகிற நேரம்.

யார் வருவார்?

அந்தக் கேள்விக்கு அவள் மனசு ஒரே ஒரு பதிலைத்தான் எடுத்துக் கொடுத்தது. அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். வெட்கமாகவும் இருந்தது. நாற்பத்து நாலு வயசு. ஆனாலும் சனிக்கிழமை தலைக்குக் குளித்தாள். ஞாயிறு காலையில் சந்தைக்குப் போகிறவள் போலக் கூடையோடு கிளம்பி, வளைவு தாண்டியதும் திரும்பி வந்து, பாறை மறைவில் உட்கார்ந்தாள். அவன் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தாள். எதுவும் சொல்லக் கூடாது, அவனே பேசட்டும் என்று முடிவுசெய்தாள்.

ஏறி வந்தது பூங்கோதை.

இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க நேராகத் தலைமாட்டுக்குப் போனாள். அங்கே குந்தி உட்கார்ந்து தரையில் எதையோ சாணால் அளந்தாள். தவமணி எழுந்து வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"என் காட்டுல உனக்கு என்னடி வேலை?"

பூங்கோதை பதறி எழுந்தாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்தில் பார்க்கும்போது அவள் அழகாகக்கூட இல்லை. கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அது தவமணியின் ஆத்திரத்தைக் கூட்டத்தான் செய்தது. இவளுக்காகவா?

"அக்கா, இதப் பாருங்க."

சுவரோரமே கண்ணாக இருந்த தவமணி மாதமாக எட்டிப் பார்க்காத அந்தத் தலைமாட்டுத் தரையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு, தோட்டத்தின் அகலத்துக்கு வளைந்து ஓடியது. அதன் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகக் குச்சிகள் அடித்திருந்தன.

"குச்சி நட்டது நாந்தான். மூணு வாரத்துக்கு முந்தி ரெண்டு விரக்கடைதான் இருந்துச்சு. இப்ப சாண் ஆயிருச்சு. கீழருந்து பாத்தா சுவரு வயிறு தள்ளி நிக்குது அக்கா. துளையில பொட்டுத் தண்ணி வரல. மேல அம்புட்டும் தேங்கிக் கெடக்கு. அடைப்ப எடுத்துவிடுங்க."

"அவரு வரலையா?" என்ற கேள்வி தவமணியின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

பூங்கோதைக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவள் பார்வை தவமணியின் பின்னிவிட்ட தலைக்கும், பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய நீலச் சேலைக்கும் போய்த் திரும்பியது. "அவருக்கு முட்டி தேஞ்சுபோய் ரெண்டு வருஷமாச்சு அக்கா," என்றாள் மெதுவாக. "வாசல்படி இறங்கவே நான் பிடிக்கணும்."

அந்த மெதுவான குரலைத்தான் தவமணியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"என் மண்ணு உனக்கு வேணும். அதுக்கு வெடிப்பு, வயிறுன்னு கதை கட்டுற."

"மண்ணு வேணாம் அக்கா. நீங்களே வச்சுக்கங்க. தண்ணிய மட்டும் விடுங்க. நீங்க மேல நின்னாத்தான் நான் கீழ இருக்க முடியும்."

"எறங்கிப் போடி."

பூங்கோதை போனாள். வரப்பில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினாள். தவமணி அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். பிடுங்கும்போதே வெடிப்பின் ஆழம் கண்ணில் பட்டது. உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தமும் கேட்டது. கேட்டும் பிடுங்கினாள்.

ஐப்பசி மூன்றாம் தேதி பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை.

முதல் நாள், அடைப்பை எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். எடுத்தால் பூங்கோதை சொன்னதற்காக எடுத்தது போல் ஆகிவிடும் என்று இருந்துவிட்டாள். இரண்டாம் நாள், எடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டாள். குழாய் வாய்க்கு மேல் நெஞ்சளவுக்குச் சேறு ஏறியிருந்தது. குத்தித் திறப்பதென்றால் கீழ்ப்பக்கமிருந்துதான், அதாவது பூங்கோதையின் தோட்டத்தில் நின்றுதான் குத்த வேண்டும். மூன்றாம் நாள் காலை, வாசலில் நின்று பார்த்தபோது தலைமாட்டில் நட்டிருந்த கம்பம் சாய்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சுவர் மூலையைச் சுற்றி இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஆறு வருஷத்தில் அவள் கால் வைத்ததில்லை. வழுக்கி இரண்டு இடத்தில் விழுந்தாள். கீழே நின்று நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது. அவள் கட்டிய சுவர், நிறைமாதக்காரி போல வயிறு தள்ளி நின்றது. செங்குத்தாக விரிசல் விட்டு, அதன் வழியே காபி நிறத்தில் தண்ணீர் பீச்சியது. இனி எந்தக் கடப்பாரையும் ஆகாது.

கடப்பாரையைப் போட்டுவிட்டு வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"வெளிய வாங்க! சுவரு போகுது, வெளிய வாங்க!"

கதவைத் திறந்த பூங்கோதை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உள்ளே கட்டிலில் வீரணன் உட்கார்ந்திருந்தான். இரண்டு முட்டியிலும் துணி சுற்றியிருந்தது. தவமணியைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்தது பயம். மழைக்கான பயம் அல்ல. "தவம், நீயா..." என்று இழுத்தான்.

"எந்திரிங்க," என்றாள்.

ஆளுக்கொரு தோளில் அவன் கையைப் போட்டுக்கொண்டார்கள். கனத்த உடம்பு. ஓடைப் பக்கத்து மேட்டை நோக்கி, சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி இழுத்துப் போனார்கள். அவன் வலியில் கத்தினான். ஒருத்தி சறுக்கும்போது மற்றவள் அவன் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அவள் ரவிக்கையைப் பற்றி நிறுத்தினாள். மேட்டில் ஏறி விழுந்தபோது பின்னால் இடி மாதிரியும் இல்லாத, பெரிதாக மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தவமணி திரும்பிப் பார்த்தாள். அவள் தோட்டம் நடந்து வந்தது. பாத்தி பாத்தியாக, கேரட் இலைகள் நின்றது நின்றபடி, முழுசாக இறங்கி வந்து சுவரை மடித்து, பூங்கோதையின் வீட்டின்மேல் ஏறி, ஓட்டுக்கூரையை உள்ளே அமுக்கி, அதற்கப்புறமும் கொஞ்ச தூரம் போய் நின்றது. மேலே, தோட்டம் இருந்த இடத்தில், கழுவிவிட்ட மாதிரி கரும்பாறை பளபளத்தது. பாறைத் தோளில் இருந்த அவள் வீடு மட்டும் அப்படியே நின்றது.

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். தவமணிக்கு அழுகை வரவில்லை. ஒரு மணிகூடப் போகக் கூடாது என்று நினைத்தவளின் மண் மொத்தமும் ஒரே நடையில் போய்ச் சேர்ந்துவிட்டது.

நாலாம் நாள் மழை விட்டதும் நஸ்ரின் வந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் எல்லோரையும் தங்க வைத்திருந்தார்கள். பூங்கோதை, வீரணன், சரிவுக்குக் கீழே இருந்த இன்னும் நாலு குடும்பம். தவமணியும் முந்தின நாளிலிருந்து அங்கேதான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"மேடம், துளைய அடைச்சது நாந்தான். போன்ல பொய் சொன்னேன்," என்றாள் தவமணி எல்லோர் முன்னாலும்.

"சுவரத் தாண்டி மஞ்சள் வரலன்னதும் நல்லா வேலை செய்யுதுன்னு மேல எழுதி அனுப்பினேன் அக்கா," என்றாள் நஸ்ரின். "ஒரு மணி நகரலன்னா மலை நல்லா இருக்குன்னு நினைச்சுட்டோம். மண்ணு எங்க போகுதுன்னு மட்டும்தான் அந்த மணல் சொல்லும். தண்ணி எங்க நிக்குதுன்னு கேக்க நாங்க அதுக்குச் சொல்லித் தரல."

"அந்த மணலை எடுத்துர முடியாதா?" என்று கேட்டாள் பூங்கோதை.

"முடியாது. நூறு வருஷம் அழியாது." நஸ்ரின் திரையைத் திறந்தாள். கீழ்த் தோட்டம் முழுக்க மஞ்சள். சிவப்பு ஒரு ஓரத்தில் கீற்றாகத் தெரிந்தது. "விதிப்படி எண் யாருதோ மண்ணு அவங்களுது. நிலம் இவங்களுது. நீங்க மண்ணைத் திரும்பக் கேக்கலாம் அக்கா. இல்ல, விட்டுக்கொடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அது தெரிஞ்சாத்தான் இவங்க வீடு கட்ட இடம் ஒதுக்க முடியும்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த வீரணன் தொண்டையைக் கனைத்தான்.

"எதுக்கு இம்புட்டுப் பேச்சு? தவம், உன் வீடு நல்லாத்தான இருக்கு. நான் அங்கயே வந்துர்றேன். நாலு பேரு தூக்கிவிட்டா ஏறிருவேன்." கொஞ்சம் குரலைத் தணித்தான். "நம்ம வீடுதான அது."

ஆறு வருஷமாகத் தவமணி காத்திருந்த வார்த்தை அது. அது வந்தபோது அவள் அவனைப் பார்க்கவில்லை, பூங்கோதையைப் பார்த்தாள். பூங்கோதை கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். உதடு இறுகி, மூக்கு விடைத்து, கண் தவமணியின் முகத்திலேயே குத்தி நின்றது. வீடு போனபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. அந்த முகத்தைத் தவமணிக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் பார்த்த முகம்.

மனசுக்குள் ஒரு பொல்லாத சந்தோஷம் தலைதூக்கியது. அது எழுந்த வேகத்திலேயே அலுத்தும் போனது.

"நீ என்ன சொல்ற?" என்றாள் தவமணி. கேள்வி பூங்கோதைக்கு.

"யாரு வேணா எங்க வேணா போங்க," என்றாள் பூங்கோதை. "நான் எங்கயும் வரல. என் மண்ணுல ஒரு கொட்டாய் போட்டுக்கிட்டு நான் இருந்துக்குவேன்."

"அது என் மண்ணு," என்றாள் தவமணி.

நஸ்ரின் திரையைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

தவமணி எழுந்து பூங்கோதையின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். ஆறிப்போயிருந்த கஞ்சியைக் கொட்டிவிட்டு, பானையிலிருந்து சூடாக அள்ளி ஊற்றி, அவள் முன்னால் வைத்தாள்.

"இருந்துக்க," என்றாள்.

"தவம், நான் கேட்டதுக்கு..." என்று ஆரம்பித்தான் வீரணன். இரண்டு பேருமே அவன் பக்கம் திரும்பவில்லை.